தலைக்குள் ஓடும் நீருக்கும் வயசாகுமா?

மூளை நரம்பியல்: கேள்வி பதில்

மறதிநோய் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. தூங்கும்போது மூளை தன்னைத்தானே கழுவிக்கொள்கிறதாமே, அந்த விஷயம். வீட்டு நோய் சமாசாரம் என்பதால் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

காரைக்குடி வாசகி: டாக்டர், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரவு பத்து மணிக்குள் தூங்காவிட்டால் மூளையில் கழிவு தேங்கி அல்சைமர் வரும் என்று. அம்மாவுக்கு 74 வயது. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார். இதைப் படித்ததிலிருந்து அம்மாவைவிட எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. இதில் எவ்வளவு உண்மை?

பதில்: பத்து மணி என்பது யாரோ சேர்த்த சரக்கு. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே நிஜமான ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது.

மூளையும் தண்டுவடமும் ஒரு நீரில் மிதக்கின்றன. புத்தகத்தில் மூளைத் தண்டுவட நீர். ஆஸ்பத்திரியில் நாங்கள் சி.எஸ்.எஃப். என்போம். முதுகில் ஊசி வைத்து எடுத்தால் நிறமே இல்லாமல் சொட்டும். ஒரு பெரியவர் உடம்பில் எந்த நேரமும் சுமார் 150 மில்லி இருக்கும். ஆனால் மூளையின் உள்ளறைகளில் இருக்கும் கோராய்டு பிளெக்ஸஸ் என்ற திசு ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் சுரக்கிறது. அப்படியென்றால் பழையது வடிந்து புதியது நிரம்புவது ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் நடக்கிறது.

மூளை அடிபடாமல் காப்பதுதான் இதன் முக்கிய வேலை என்று படித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். 2012-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கென் நெடர்கார்ட், ஜெஃப்ரி ஐலிஃப் குழுவினர் எலியின் மூளை நீரில் சாயம் ஏற்றி, அது போகும் வழியை நுண்ணோக்கியில் பின்தொடர்ந்தார்கள். மூளைக்குள் நுழையும் ரத்தக்குழாய்களின் வெளிச்சுவரை ஒட்டியபடி அந்த நீரும் உள்ளே போகிறது. செல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் புகுந்து, அங்கே கிடக்கும், அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு போன்ற புரதக் கழிவை எடுத்துக்கொண்டு, சிரைகளின் ஓரமாக வெளியேறுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு கிளிம்ஃபாட்டிக் மண்டலம் என்று பெயர் வைத்தார்கள். மறு வருடமே அதே குழு இன்னொன்றையும் சொன்னது: எலி தூங்கும்போது செல்களுக்கு இடையிலான இடம் சுமார் 60 சதவீதம் கூடுகிறது, கழிவு வேகமாக வெளியேறுகிறது. உங்கள் குழுவில் சுற்றும் செய்திக்குத் தாய்வீடு இந்த ஆய்வுதான்.

எல்லோரும் இதை ஒத்துக்கொண்டு கைதட்டவில்லை. 2024-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் வேறு முறையில் அளந்து, எலி தூங்கும்போது கழிவு வெளியேறுவது குறையத்தான் செய்கிறது என்று நேர் எதிராக எழுதினார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. மனிதர்களைப் பொறுத்தவரை கையில் இருப்பதைச் சொல்கிறேன். ஆழ்ந்த தூக்கத்தில் சுமார் 20 விநாடிக்கு ஒருமுறை மூளை நீர் அலையாக எழுவதை 2019-ல் பாஸ்டனில் ஸ்கேனில் பார்த்தார்கள். நார்வேயின் ஆஸ்லோவில் சிலருக்கு முதுகு வழியாக ஸ்கேன் மருந்தைச் செலுத்தி, ஒரு பிரிவினரை மட்டும் ஓர் இரவு முழுக்கத் தூங்கவிடாமல் வைத்தார்கள். அவர்கள் மூளையிலிருந்து மருந்து வெளியேற அதிக நேரம் எடுத்தது. மறுநாள் இரவு நன்றாகத் தூங்கியும் அந்தக் குறை சரியாகவில்லை.

இதெல்லாம் ஓர் இரவுக் கணக்கு. மூன்று மணிக்கு விழிக்கும் அம்மாவுக்கு அல்சைமர் வரும் என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. எழுபதைத் தாண்டினால் தூக்கம் முன்கூட்டியே வந்து முன்கூட்டியே கலைவது வழக்கம்தான். எட்டரை மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்தால் ஆறரை மணி நேரம் ஆகிறதே, அது மோசமில்லை. மூட்டு வலியால் எழுகிறாரா, சிறுநீருக்காக எழுகிறாரா, மாலை ஆறு மணிக்குக் காபி குடிக்கிறாரா என்று பாருங்கள். அப்புறம் அந்தக் குழுவை இரவில் மியூட்டில் போடுங்கள்.

புதுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஐயா, எனக்கு 68 வயது. வயது ஏற ஏற இந்த நீர் வற்றுகிறது, அதனால்தான் முதியவர்களுக்கு மறதிநோய் வருகிறது என்று நான் புரிந்துகொண்டது சரியா?

பதில்: வற்றுவதில்லை ஐயா. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குவதால் மண்டைக்குள் நீரின் மொத்த அளவு கூடத்தான் செய்கிறது. மாறிப்போவது ஓட்டம். உங்கள் ஊர்ப் பக்கம் நிறைய கண்மாய் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நிற்கும், மடை தூர்ந்துபோயிருக்கும். அந்த நிலைமைதான்.

எங்கெங்கே தூர்கிறது என்று கேட்டால், முதலில் உந்துவிசையில். இந்த நீரைத் தள்ளுவதற்குத் தனியாக ஒரு பம்ப் கிடையாது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ரத்தக்குழாய் விரிந்து சுருங்குகிறதே, பக்கத்திலிருக்கும் நீரை அதுதான் தள்ளுகிறது. வயதும் பிரஷரும் சேர்ந்து குழாயை விறைப்பாக்கினால் தள்ளும் வேகம் போய்விடும். ரத்த அழுத்தத்தை ஏற்றிய எலிகளில் இந்த ஓட்டம் தடுமாறுவதை 2018-ல் நேரடியாகப் படம் பிடித்தார்கள்.

இரண்டாவது, நீர் நுழையும் வாசல். ரத்தக்குழாயைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள் கால் பதித்து நிற்கின்றன. அந்தப் பாதங்களில் அக்வாபோரின்-4 என்ற நீர்வாசல்கள் வரிசையாக இருக்க வேண்டும். முதுமையில் அவை இடம் மாறிச் சிதறிப்போகின்றன. அமெரிக்காவின் ஒரேகானில் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. அல்சைமர் வந்தவர்களுக்கு இந்த வாசல்கள் கலைந்திருந்தன. 85 வயதைத் தாண்டியும் அறிவு மழுங்காமல் இறந்தவர்களுக்கு அவை ஒழுங்காக அதே இடத்தில் இருந்தன. அப்படியானால் வயதை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, வடிகால். மூளையின் உறையில் நிணநீர்க் குழாய்கள் உண்டு. இத்தாலிய உடற்கூறியலாளர் பாவ்லோ மஸ்கானி 1787-லேயே எழுதிவைத்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. 2015-ல் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் ஒரே சமயத்தில் மறுபடி கண்டுபிடித்தார்கள். கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குக் கழிவை இறக்கிவிடும் இந்தக் குழாய்களும் கிழ எலிகளில் மெலிந்துவிடுகின்றன.

எலியாகவே சொல்கிறாரே என்று நினைப்பீர்கள். மனிதரில் அளந்த கணக்கு ஒன்று இருக்கிறது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆட்களின் முதுகில் மெல்லிய குழாய் வைத்து, மணிக்கு ஒருமுறை நீர் எடுத்து, அமிலாய்டு எவ்வளவு உருவாகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்த்தார்கள். 2010-ல் சொன்னது: முதுமையில் அல்சைமர் வந்தவர்களிடம் அமிலாய்டு உற்பத்தி கூடவில்லை, அகற்றும் வேகம்தான் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. 2015-ல் வயதுவாரியாகப் பார்த்தார்கள். மூளையில் உருவான அமிலாய்டில் பாதி வெளியேற 30 வயதில் ஏறக்குறைய 4 மணி நேரம் போதும். 80 வயதில் 9 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்களை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. அமிலாய்டு ரத்தக்குழாய்ச் சுவரிலேயே படியும் தன்மை உள்ளது. ஓட்டம் குறைந்ததால் அது படிந்ததா, படிந்ததால் ஓட்டம் குறைந்ததா? இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது என் எண்ணம். மூளையில் அமிலாய்டு படிந்திருந்தும் கடைசிவரை மறதியே வராமல் வாழ்ந்தவர்கள் நிறையப்பேர் உண்டு. அதனால் இதை உங்கள் ஜாதகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திருச்சி வாசகர்: அப்படியானால் தினமும் நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தால் மூளை நீர் நன்றாக ஓடுமா?

பதில்: ஓடாது. நடுராத்திரியில் நீங்கள்தான் பாத்ரூமுக்கு ஓடுவீர்கள்.

சிவகாசி வாசகி: அப்பாவுக்கு 71 வயது. ஒன்றரை வருடமாக நடை மெதுவாகிவிட்டது. காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்துத் தேய்த்துப் போகிறார். பாத்ரூமுக்குப் போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைந்துவிடுகிறது. கொஞ்ச நாளாகக் கேட்டதையே கேட்கிறார். காட்டிய இடத்தில் வயசாச்சு, அல்சைமர் ஆரம்பம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூளையின் அறைகள் விரிந்திருப்பதாகப் போட்டிருக்கிறது. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பதில்: அவசியம் பார்க்க வேண்டும் அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் வரிசையே முக்கியம். முதலில் நடை, அப்புறம் சிறுநீர், கடைசியில் மறதி. அல்சைமரில் மறதி முதலில் வரும். பல வருடம் நடை நன்றாகவே இருக்கும், சில சமயம் வீட்டைவிட்டுத் தொலைந்துபோகும் அளவுக்கு நன்றாக நடப்பார்கள்.

உங்கள் அப்பாவுக்கு இருப்பது மூளை நீரே நேரடியாகச் சம்பந்தப்பட்ட நோயாக இருக்கலாம். நார்மல் பிரஷர் ஹைட்ரோகெபாலஸ், சுருக்கமாக என்.பி.எச். நீர் சரியாக உறிஞ்சப்படாமல் உள்ளறைகளில் தேங்கி அவற்றை விரிக்கிறது. முதுகில் ஊசி வைத்து அளந்தால் அழுத்தம் சாதாரணமாகவே காட்டும். அதனால்தான் இந்தப் பெயர், அதனால்தான் தவறவிடுவதும் சுலபம். கொலம்பியாவின் பொகோட்டாவைச் சேர்ந்த சலமோன் ஹக்கீம் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1965-ல் இதை விவரித்தார். மறதிநோய்ப் பட்டியலில் சிகிச்சையால் மீளக்கூடிய மிகச் சிலவற்றில் இது ஒன்று. வயசாச்சு என்ற ஒற்றைச் சொல்லில் இதை மூடி அனுப்புவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் என்.பி.எச்.தான் என்று கடிதத்தை வைத்து நானும் முடிவு சொல்ல மாட்டேன். மூளை சுருங்கினாலும் அறைகள் விரிந்து தெரியும். ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் எம்.ஆர்.ஐ. பிலிமையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். பார்க்கின்சன், கழுத்து எலும்பு தண்டுவடத்தை அழுத்துவது, பி12 குறைவு, புராஸ்டேட் வீக்கம் எல்லாவற்றையும் அவர் பார்த்து ஒதுக்க வேண்டும்.

அடுத்து நடப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் போகலாம். எங்கள் வார்டில் முதலில் நோயாளியை வராந்தாவில் பத்து மீட்டர் நடக்கவிட்டு நேரம் குறிப்போம், வீடியோவும் எடுப்போம். திரும்பச் சொல்லும்போது பாதத்தைத்தான் பார்ப்பேன். நீங்களும் நானும் மூன்று நான்கு எட்டில் திரும்பிவிடுவோம். இவர்கள் நின்ற இடத்திலேயே பொட்டுப் பொட்டாகப் பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்துத் திரும்புவார்கள். கை மட்டும் நன்றாக வீசும். பிறகு முதுகில் ஊசி வைத்து 30 முதல் 50 மில்லி நீரை எடுத்துவிட்டு, சில மணி நேரம் கழித்தும் மறுநாளும் அதே வராந்தாவில் நடக்க வைப்போம். நடை கண்ணுக்குத் தெரிய மாறினால் அறுவை சிகிச்சை பலன் தர நல்ல வாய்ப்பு. மாறாவிட்டாலும் கதவு மூடிவிடாது, மூன்று நாள் குழாய் வைத்து வடித்துப் பார்க்கும் முறையும் உண்டு.

சிகிச்சை என்பது ஷன்ட். மூளை அறையிலிருந்து தோலுக்கு அடியில் ஒரு குழாய் கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் போகும். காதுக்குப் பின்னால் ஒரு வால்வு. 2025-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 99 பேருக்கு ஷன்ட் வைத்து, பாதிப் பேருக்கு மட்டும் வால்வைத் திறந்துவைத்தார்கள். யாருக்குத் திறந்திருக்கிறது என்று நோயாளிக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் திறந்தவர்களின் நடை வேகம் தெளிவாகக் கூடியது, மற்றவர்களிடம் பெரிய மாற்றமில்லை. நடைதான் முதலில் தேறும், மறதி அவ்வளவாகத் தேறாது என்பதையும் மனதில் வையுங்கள். சிலருக்கு இதனுடன் அல்சைமரும் சேர்ந்தே இருக்கும். நீர் அதிகமாக வடிந்து மூளையைச் சுற்றி ரத்தம் கட்டுவது, கிருமி தொற்றுவது போன்ற ஆபத்துகளும் உண்டு. காந்தத்தால் மாற்றியமைக்கும் வகை வால்வாக இருந்தால், பிற்பாடு எம்.ஆர்.ஐ. எடுத்தவுடன் அதன் அளவைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கான அட்டையை அப்பாவின் பர்ஸில் வையுங்கள். மருத்துவக் கல்லூரி அரசு மருத்துவமனையின் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவில் இதைச் செய்கிறார்கள். காப்பீட்டு அட்டையையும் கொண்டுபோய்க் கேளுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: என் கணவருக்கு 59 வயது. குறட்டை தெருமுனை வரை கேட்கும். நடுவில் மூச்சு நின்று, திணறி எழுவார். பகலில் டி.வி. முன்னால் உட்கார்ந்தாலே தூங்கிவிடுவார். தூக்கம் பத்தவில்லை என்று தெரிந்த கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். மாத்திரைத் தூக்கத்திலும் மூளை சுத்தமாகுமா?

பதில்: முதலில் மாத்திரையைப் பற்றி. 2025 ஜனவரியில் நெடர்கார்ட் குழு ஒரு விஷயம் வெளியிட்டது. ஆழ்ந்த தூக்கத்தில் நார்எபினெஃப்ரின் என்ற ரசாயனம் மெதுவாக ஏறி இறங்குகிறது. அதற்கேற்ப ரத்தக்குழாய்கள் சுருங்கி விரிந்து நீரைத் தள்ளுகின்றன. ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை கொடுத்த எலிகள் சீக்கிரம் தூங்கின, ஆனால் அந்த அசைவும் நீரோட்டமும் குறைந்துபோயின. எலிக் கணக்கை வைத்து உங்கள் கணவரைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. எனக்குக் கவலை வேறு. அவருக்கு இருப்பது ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் நோய் மாதிரித் தெரிகிறது. மூச்சுப்பாதை அடைபடும் ஒருவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் திணறி விழித்துக்கொள்ளும் பாதுகாப்பும் மழுங்கிவிடும். அதற்காக இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். பல நாள் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் பதற்றமும் வலிப்பும்கூட வரலாம். என்ன மாத்திரை என்று அட்டையோடு டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரோ நுரையீரல் மருத்துவரோ ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் சி.பாப் மெஷின். முதல் வாரம் முகமூடியைக் கழற்றி எறிவார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆப்னியாவை விட்டுவைத்தால் பிரஷர் ஏறும், பக்கவாத ஆபத்தும் கூடும்.

இதே கடிதத்தில் மாமியாருக்குச் சளி மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பதாக ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அவற்றில் சேர்ந்திருக்கும், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மருந்துகள் முதியவர்களைக் குழப்பத்தில் தள்ளும், சிறுநீரை அடைக்கும், கீழே விழ வைக்கும்.

கோயம்புத்தூர் வாசகர்: கழுத்தில் மசாஜ் செய்தால் மூளைக் கழிவு இறங்கும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். கழுத்தில் சின்ன ஆபரேஷன் செய்து அல்சைமரைக் குணப்படுத்துகிறார்கள் என்று இன்னொன்று. என் மனைவிக்கு மூன்று வருடமாக இந்த நோய். வெளிநாடு அழைத்துப் போகவும் தயாராக இருக்கிறேன்.

பதில்: மசாஜ் வீடியோவுக்குப் பின்னால் நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. தென் கொரியாவில் 2025-ல் கிழ எலிகளின் முகம், கழுத்துத் தோலுக்குக் கீழுள்ள நிணநீர்க் குழாய்களை ஒரு கருவியால் இதமாக நீவியபோது மூளை நீர் வெளியேறுவது கூடியது. அளந்து கொடுத்த மெல்லிய அழுத்தம் அது. மறதி குறைந்ததாக அதில் யாரும் சொல்லவில்லை. வீடியோவில் பெருவிரலால் கழுத்தை அழுத்துகிறாரே, அந்த இடத்தில் மூளைக்கு ரத்தம் போகும் பெரிய குழாய் இருக்கிறது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்த வயதானவர் கழுத்தில் அதைச் செய்யக் கூடாது.

ஆபரேஷனுக்கு வருகிறேன். கழுத்து நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைக்கும் முறை அது. சீனாவில் ஏராளமான மருத்துவமனைகள் போதுமான ஆதாரம் இல்லாமலே செய்ய ஆரம்பித்தன. 2025 ஜூலையில் சீன அரசின் சுகாதாரத் துறையே அல்சைமருக்கு அதைச் செய்யக் கூடாது என்று தடை போட்டுவிட்டது. வீட்டை விற்றுக்கொண்டு புறப்படாதீர்கள். அந்தப் பணத்தில் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வையுங்கள். மூன்று வருடமாகத் தனியாகப் பார்க்கிறீர்கள், உங்களுக்கும் தூக்கம் வேண்டும்.

வேலூர் வாசகி: ஒருக்களித்துப் படுத்தால் நல்லதாமே?

பதில்: எலிகளில் அப்படித்தான் தெரிந்தது. குறட்டை விடுபவர்களுக்கு மூச்சுக்காக ஒருக்களிப்பது நல்லதுதான். மற்றபடி உங்களுக்குத் தூக்கம் வரும் பக்கம் படுங்கள்.

சென்னை, அம்பத்தூர் வாசகர்: எனக்கு 45 வயது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் எழுபதுகளில் அல்சைமர் வந்தது. இப்போது ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, எடுத்துவிடட்டுமா?

பதில்: எடுக்க வேண்டாம். பி-டௌ 217 என்ற புரதத்தை வைத்துச் செய்யும் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, ஆனால் 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, ஏற்கெனவே மறதி அறிகுறி இருப்பவர்களுக்குத்தான். அறிகுறி இல்லாத 45 வயதில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது, நானும் ஒன்றும் செய்ய முடியாது. கவலைதான் மிச்சம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. பிரஷர் 150/96, மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமே என்று தள்ளிப்போடுகிறேன் என்கிறீர்கள். மேலே புதுக்கோட்டை ஆசிரியருக்கு ரத்தக்குழாய்த் துடிப்பு பற்றி எழுதியதைப் படியுங்கள். அமெரிக்காவில் 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே வைத்தவர்களிடம், 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட லேசான நினைவுக் குறைபாடு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வந்தது. முழு மறதிநோயில் அந்த அளவு வித்தியாசத்தை உறுதியாகக் காட்ட முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் அரசு ஊழியர்களை 25 வருடம் தொடர்ந்து பார்த்ததில், ஐம்பது, அறுபது, எழுபது வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதிநோய் ஆபத்து 30 சதவீதம் அதிகமாக இருந்தது. நீங்கள் இரவு ஷிஃப்டில் இருக்கிறீர்கள். பிரஷர் மாத்திரையை இந்த வாரமே ஆரம்பியுங்கள். ஷிஃப்ட் மாற்றம் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் பகலில் இருட்டறையில் ஏழு மணி நேரம் தூங்குங்கள்.

கும்பகோணம் வாசகர்: வயது 70. தலைகீழாக நின்றால் மூளை நீர் நன்றாக ஓடும் என்று பக்கத்து வீட்டு நண்பர் சிரசாசனம் கற்றுத் தருவதாகச் சொல்கிறார். சேரலாமா?

பதில்: கழுத்து எலும்பு தேய்மானம், கண்ணில் பிரஷர் இரண்டும் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். நண்பரோடு காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடங்கள்.